பொறுப்பு: முகாமைத்துவம்

கேள்வி:

வணக்கம் அண்ணா. நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆறு வருடம் முடிந்துவிட்டது. ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து இப்போது சுப்பவைசராக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்து ஐப்பசியில் அறைகள் காலியானதும் கொழும்பிலிருந்து பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிவருவார்கள். எங்களை இருத்தி, மஞ்சள் தாளும் பச்சைத் தாளும் தந்து, இங்கே என்ன மாறவேண்டும் என்று பயப்படாமல் எழுதச் சொல்வார்கள். மூன்று வருடமாக ஒன்றையேதான் எழுதுகிறோம். இரவு வேலை முடிந்து ரவுனுக்குப் போக வான் வேண்டும். ரோஸ்டர் ஒரு கிழமைக்கு முன்பே தெரியவேண்டும். ஓ.ரி. (மேலதிக நேரக் காசு) சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். விருந்தினர் பில்லில் சேர்க்கிற சேர்விஸ் சார்ஜை எங்களுக்குள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். குவாட்டர்ஸில் பெண்கள் குளியலறைக் கதவுக்குக் கொண்டி வேண்டும். கூட்டம் முடிய படம் எடுப்பார்கள், ஃபிரைட் ரைஸ் தருவார்கள். பிறகு ஒன்றும் நடக்காது.

போன வருடம் என்னையும் ‘மாற்றக் குழு’ என்று ஒன்றில் போட்டார்கள். நானும் நம்பி, எனக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகளிடம் “இந்த முறை வான் கட்டாயம் வரும்” என்றேன். வரவில்லை. இப்போது அவர்கள் என்னோடு முன்புபோலக் கதைப்பதில்லை. “அக்கா மனேஜ்மென்ட் ஆள்தானே” என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். ஜீ.எம். (பொது முகாமையாளர்) கெட்டவர் இல்லை. எதைக் கேட்டாலும் “பார்ப்போம்” என்பார். வேலையை விடவா? லேபர் ஒஃபிஸுக்குப் போகவா? இன்னும் இரண்டு மாதத்தில் தாள் வந்துவிடும். எழுதவா, சும்மா இருக்கவா?

– வாசகி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கள் பட்டியலில் என்னைக் கூடுதலாக உறுத்தியது வான் இல்லை, அந்தக் கொண்டி. ரவுனில் எந்த ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தாலும் சில நூறு ரூபாயோடு அலுவல் முடிந்துவிடும். உங்கள் பராமரிப்புப் பிரிவில் இருக்கிற ஒரு தம்பி பத்து நிமிடத்தில் பூட்டிவிடுவார். அது மூன்று வருடமாக வரவில்லை என்றால் காசைக் காரணம் சொல்ல முடியாது. அதை வாங்கவேண்டிய ஆள் யார் என்று அந்த ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியவில்லை. வானுக்கும் கிட்டத்தட்ட இதே வருத்தம்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் தாளை நீட்டுகிற ஆளாக நானும் இருந்திருக்கிறேன். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம்; எந்த இடம் என்பது வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் கூட்டம் நடத்தி, சுவரில் ஒட்டியிருந்த தாள்களை எல்லாம் இரவிரவாக ரைப் பண்ணி அட்டவணை போட்டேன். முதல் நிரலில் பிரச்சினை, அடுத்ததில் தீர்வு, அதற்கடுத்ததில் பொறுப்பு, கடைசியில் திகதி. நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள். பொறுப்பு என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: ‘முகாமைத்துவம்’. திகதி நிரலில் ‘கூடிய விரைவில்’. பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரு பிரதி என் லாச்சிக்குள் போனது. இரண்டு, இரண்டரை வருடம் கழித்து அந்த வேலையை விட்டு விலகுகிற அன்று லாச்சியைத் துப்புரவாக்கும்போது அது கையில் வந்தது. ஒன்பதாவது வரி: சாப்பாட்டறைக்கு இரண்டு காற்றாடி. அன்று மத்தியானமும் நான் அந்த அறையில் வியர்வை வழியச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். காற்றாடி வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முகாமைத்துவம் என்று ஒரு மனிசன் எங்கேயாவது கதிரையில் இருந்தால்தானே எழும்பிப் போய் வாங்குவார்?

அதனால் உங்கள் ஜீ.எம். கெட்டவர் இல்லை என்பதை அப்படியே நம்புகிறேன். “பார்ப்போம்” என்கிறவருக்குப் பல நேரம் அதற்கு மேல் சொல்ல அதிகாரம் இருப்பதில்லை. தலைமையகம் கொழும்பில் இருக்கிற ஹோட்டல்களில் மனேஜர் இவ்வளவு ரூபாய் வரைதான் தன் கையொப்பத்தில் செலவழிக்கலாம் என்று ஒரு எல்லை வைத்திருப்பார்கள். அதற்கு மேலே என்றால் கொழும்புக்கு எழுதவேண்டும். கொழும்பு கேட்கிற முதல் கேள்வி, இது பட்ஜெட்டில் இருக்கிறதா என்பது.

பட்ஜெட் எப்போது போடுகிறார்கள்? இங்கே பல கம்பனிகளுக்கு நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். அப்படியென்றால் அடுத்த வருடச் செலவைத் தை, மாசியில் கட்டி முடித்துவிடுவார்கள். உங்கள் கூட்டம் ஐப்பசியில். அந்தத் தாள்களுக்கு யாராவது விலை போட்டுத் தை மாதத்தில் மேசையில் வைக்காவிட்டால் பங்குனியில் கதவு சாத்தியாகிவிடும். சித்திரை கழிய சீசன். தென்மேற்குக் காற்றில் தெற்கு, மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்க, வெள்ளைக்காரர் எல்லாம் இந்தப் பக்கம் வருவார்கள். தெற்கிலிருந்து ஆட்களை இறக்குவார்கள், ரோஸ்டர் நாளுக்கொரு தரம் மாறும், புரட்டாதி வரைக்கும் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. பிறகு மறுபடி ஐப்பசி, மறுபடி தாள். மூன்று வருடமாக நீங்கள் சுற்றியது இந்தச் செக்கைத்தான்.

அடுத்தது நீங்கள் எழுதிய பட்டியல். கோபிக்காதீர்கள், அதில் உங்கள் பக்கமும் ஒரு பிழை இருக்கிறது. ஓ.ரி.யையும் கொண்டியையும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். ஓ.ரி. என்பது மாற்றம் இல்லை, தங்கச்சி. அது கடன். உங்களிடம் ஒருவர் கைமாற்றாக வாங்கிய காசை “திருப்பித் தந்தால் நல்லது” என்று பச்சைத் தாளில் எழுதிக் கொடுப்பீர்களா?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, சாப்பாட்டு நேரம் சேராமல். அதற்கு மேல் வேலை வாங்கினால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். ஹோட்டல் தொழிலுக்கென்று தனியாக, குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கிற சம்பளச் சபையும் இருக்கிறது. உங்கள் பிரிவில் யாருக்கு எது பொருந்தும் என்று தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்பது வேறு, முறைப்பாடு கொடுப்பது வேறு. கேட்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பெண்களை இரவு வேலையில் வைப்பதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு, அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, இன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு வந்த நேரம், போன நேரம், வேலைக்குள் சாப்பிட விட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். வரவு பதிகிற மெஷினில் விரல் வைத்த நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. “விரலை வைத்துவிட்டு வந்து மிச்ச அறையை முடி” என்று சொல்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் இடத்திலும் இருந்தால் விரல் வைத்த நேரத்துக்கும் கடைசி அறையைப் பூட்டிய நேரத்துக்கும் இடையில்தான் உங்கள் காசு நிற்கிறது. மாத முடிவில் சம்பளச் சிட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈ.பி.எஃப்.புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 வீதம் வெட்டி, அவர்கள் 12 வீதம் போடுகிறார்களா, ஈ.ரி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் போகிறதா என்பதையும் அதே இருக்கையில் பார்த்துவிடலாம். பிந்திக் கட்டினால் ஈ.பி.எஃப்.பில் 50 வீதம் வரைக்கும் மேலதிகமாக அறவிட முடியும். அதனால் இந்தக் கணக்கில் கைவைக்கக் கணக்காளர்களுக்கே பயம் இருக்கும்.

கணக்குப் பிழைத்திருந்தால் அதைக் கூட்டத்தில் எழுப்பாதீர்கள். ஆளுக்கொரு சிறிய கடிதம், திகதி போட்டு, எந்த நாள் எத்தனை மணித்தியாலம் என்று எழுதி, மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் போட மறுத்தால் பதிவுத் தபால் இருக்கவே இருக்கிறது. ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். பெயரை வெளியே விடாமல் விசாரிக்கும்படியும் கேட்கலாம். கொப்பியும் சிட்டையும் இல்லாமல் போனால் அங்கே இருக்கிற அலுவலர் பாவம், அவரும் “பார்ப்போம்” என்றுதான் சொல்வார்.

சேர்விஸ் சார்ஜ் கொஞ்சம் சிக்கல். நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, இதுவரை எந்தக் கணக்கில் தந்தார்கள் என்பதை வைத்துத்தான் பேசலாம். உங்கள் கடிதத்தை முதலில் எடுத்து வாசியுங்கள். எத்தனை பேர் சேர்ந்த அன்று வாங்கிப் பெட்டிக்கடியில் வைத்ததோடு சரி! மாதம் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை பங்கு, ஒரு பங்கு எவ்வளவு என்று மூன்று வரி அறிவித்தல் பலகையில் போடும்படி மட்டும் கேளுங்கள். தொகையைக் கூட்டிக் கேட்டால் சண்டையாகும். கணக்கைக் காட்டச் சொன்னால் மறுக்கக் காரணம் தேடவேண்டும்.

இனி வான். “ஊழியருக்குப் போக்குவரத்து வசதி” என்று எழுதினால் ஜீ.எம்.மின் கண்ணுக்கு முன்னால் குச்சவெளியிலிருந்து கிண்ணியா வரைக்கும் முழு மாவட்டமும் வந்து நிற்கும். அவர் என்ன செய்வார், பார்ப்போம் என்பார். ஒரு மாத ரோஸ்டரை எடுத்து, இரவு பிந்தி வேலை முடிப்பவர் யார், எங்கே இறங்கவேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். நான் ஊகிப்பது: ஒரு நாளில் ஆறேழு பேர், சாம்பல்தீவு, உப்புவெளி வழியாக பஸ் ஸ்ராண்ட் வரை. வீடு ரவுனுக்கு மற்றப் பக்கம் என்றால் அங்கேயிருந்து கூட்டிப்போக வீட்டு ஆள் வரும் (அந்த நேரத்தில் அங்கே ரவுனில் திரிகிற மான்களைத் தவிர ஆளரவமே இருக்காது, அதனால் வரும் நேரத்தைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்). நிலாவெளியிலிருந்து ரவுனுக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில். போய்வர 30. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிற கிழட்டு வான் என்றாலும் ஓர் இரவுக்கு 3 லீற்றர், மாதம் முழுக்க ஓடினால் 90 லீற்றர் டீசல். அதை அன்றைய விலையால் பெருக்கி, சாரதியின் ஓ.ரி.யையும் கூட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு தொகை போடவேண்டும்: இந்த சீசனில் வீட்டுக்குப் போகும் கஷ்டத்தால் இடையில் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர், புதிதாக ஒருத்தியை எடுத்து ஒழுங்காக ஓர் அறை செய்யப் பழக்க எத்தனை நாள் போனது. இதை உங்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் அந்த ஹோட்டலில் இல்லை. பழக்குவதே நீங்கள்தானே.

ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கடைசியில் இப்படி முடியுங்கள்: “பங்குனி முதலாம் திகதியிலிருந்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு அனுமதி தரவேண்டியவர் யார் என்று அறியத் தாருங்கள். அவருக்கு நானே விளக்கமாக எழுதித் தருகிறேன்.” ஜீ.எம். தன் எல்லைக்குள் என்றால் ஒப்பம் வைப்பார். எல்லைக்கு வெளியே என்றால் ஒரு பெயரைச் சொல்லவேண்டி வரும். பெயர் வந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். கார்த்திகையில் கொடுத்து, தை பிறந்ததும் ஒரு தரம் நினைவுபடுத்துங்கள்.

ரோஸ்டரில் ஒரு கிழமை முழுவதும் முன்கூட்டித் தெரியவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சீசனில் அறைகள் கடைசி நேரத்தில்தான் நிரம்பும், போடுகிறவருக்கே தெரியாது. லீவு நாளை மட்டும் மாத ஆரம்பத்திலேயே கட்டித் தரும்படி கேளுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டமோ, கோணேசர் கோயில் தேரோ, அம்மாவின் கிளினிக்கோ, அவரவர் ஒழுங்குபடுத்தத் தெரியவேண்டியது அந்த நாள்தான்.

அவர்கள் சொல்லக்கூடிய பதிலையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆட்கள் வரவில்லை, 2020இல் கொரோனா, 2022இல் டீசல் இல்லை. எல்லாம் உண்மை. இந்தக் கரையில் ஹோட்டல் நடத்தியவர்கள் அந்த வருடங்களில் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை, அதைக் கேலி பண்ணாதீர்கள். “அது சரி சேர், இந்த வருடம் மே மாதத்திலிருந்து எத்தனை அறை போனது என்று எனக்குத் தெரியும், நான்தானே துவாய் எண்ணுகிறேன்” என்று மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

இனிக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. உங்கள் பிள்ளைகள். அவர்கள் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது. வான் வராததற்கு நீங்கள் காரணம் இல்லை. வரும் என்று சொன்னது நீங்கள். முகாமைத்துவத்தின் வாக்கை உங்கள் வாயால் சொன்னதும் அது உங்கள் வாக்காகிவிட்டது. மேலே உள்ளவர்கள் மாற்றக் குழுவில் சுப்பவைசர்களைப் போடுவதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ. தேத்தண்ணி நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு, “வான் வரும் என்று நான் சொன்னது பிழை. எனக்கு அப்போது தெரிந்தது, கேட்டிருக்கிறோம் என்பது மட்டும்தான்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் நீட்டவேண்டாம், அழவும் வேண்டாம். காதுபடச் சொன்ன அந்தப் பிள்ளையிடமே அந்த இரவுப் பட்டியலை எழுதும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நாக்கு நீளமாக இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கும் நன்றாக வரும். இனிமேல் மேலேயிருந்து வருகிற எதையும், யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு மட்டும் கீழே சொல்லுங்கள்.

தொழிற்சங்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தெரிந்து வைத்திருங்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். யாருக்காகச் சங்கம் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் 40 வீதம் அதில் உறுப்பினர் என்றால், பேச மாட்டோம் என்று முதலாளி மறுக்க முடியாது. 1999இல் தொழிற்பிணக்குச் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் அதே திருத்தத்தில் குற்றம். சின்ன ஊரில் இதைத் தொடங்கினால் முதல் ஆறு மாதம் முகச்சுழிப்பு இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. நான் என்றால் முதலில் கொப்பி, பிறகு கடிதம், அதற்கும் அசையாவிட்டால்தான் சங்கம் என்று போவேன். என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும் என்பார். இருபது வருடமாக நாங்கள் இதில் ஒத்துப்போனதில்லை.

வேலையை விடுவதா? மாரியில் விடாதீர்கள். ஐப்பசியில் கூட்டம் முடிந்த கோபத்தில் கடிதம் கொடுத்துவிட்டுப் பங்குனி வரை வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கரை ஹோட்டல்கள் ஆள் தேடுவது சீசனுக்கு முன்னால், மாசி பங்குனியில். மார்கழியில் வேலை வேண்டுமென்றால் தெற்குக் கரைக்குப் போகவேண்டும், அது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. இன்னொன்று, நீங்கள் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டீர்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், தானாக விலகினாலும் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. உங்கள் ஆறு வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம். விலகல் கடிதத்தில் “எனக்கு வரவேண்டியது ஒன்றுமில்லை” என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதச் சொன்னால், காசு கையில் வரும்வரை எழுதாதீர்கள்.

என்னிடம் கேட்டால், தை வரை பொறுத்து அந்த ஒரு பக்கத்துக்கு என்ன பதில் வருகிறது என்று பார்ப்பேன். பெயரும் வராமல் திகதியும் வராமல் போனால் மாசியில் வேறு இடம் தேடத் தொடங்குவேன். ஆறு வருட அனுபவம் உள்ள ஹவுஸ்கீப்பிங் சுப்பவைசரை அந்த மாதத்தில் வேண்டாம் என்று சொல்கிற ஹோட்டல் உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரைக்கும் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

கடைசியாகத் தாள் பற்றிக் கேட்டீர்கள். எழுதுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று: “பெண்கள் குளியலறைக் கொண்டி. வாங்குபவர் பெயர்? எந்தத் திகதி?” உங்கள் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருடைய தாளிலும் அதே இரண்டு வரி இருக்கட்டும். சுவரில் ஒட்ட முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். அன்று பின்னேரம் வரைக்கும் பெயர் வராவிட்டால் அடுத்த நாள் நீங்களே கொண்டியை வாங்கிப் பூட்டிவிட்டு, பில்லைப் பெட்டி காஷில் (சில்லறைச் செலவுக் கணக்கில்) நீட்டுங்கள். பில்லில் ஒப்பம் போட ஒருவர் வரத்தானே வேண்டும். அவருடைய பெயரைக் கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். வான் கடிதத்தை முதலில் அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.